எட்டுத் தசம் ரண்டுக்கு எத்தனை வைத்தியர்!

பிள்ளை, உந்தப் போத்திலை முதல் கீழ வை. வைச்சிட்டு இப்பிடித் திண்ணையில வந்து இரு. கொம்மா உள்ளுக்கை பீற்றூட் துருவுறா போல, சத்தம் கேக்குது. துருவட்டும். சிவப்பாக் கிடக்கிறதெல்லாம் ரத்தமாகும் எண்டால் கிளிநொச்சிச் சந்தையில தக்காளிப்பழம் விக்கிறவனைக் கூப்பிட்டு ரத்தவங்கியில வேலை குடுத்திருப்பாங்கள்.

உனக்கு ரத்தம் குறைவெண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. ஒரு கிழமைக்குள்ள முளைச்ச வைத்தியரை எண்ணிப் பார். கொம்மா பீற்றூட். மாமி பேரீச்சம்பழம். முன்வீட்டு அக்கா முருங்கையிலைச் சாறு. பாமசிப் பெடியன் போத்தில்ல சிவப்புத் தண்ணி. கனடாச் சித்தி வாட்சப்பில படம் போட்டு ஒரு பெரிய குளிசை. மருந்து எல்லாரும் சொல்லியாச்சு. என்ன வருத்தம் எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.

ரத்தம் குறைஞ்சது வருத்தமில்லையோ தாத்தா எண்டு கேக்கிறாய். காய்ச்சல் ஒரு வருத்தமோ, சொல்லு பாப்பம்? நான் மலேரியாத் தடை இயக்கத்தில விரல்ல ஊசி குத்தி, கண்ணாடித்துண்டில ரத்தம் தடவித் திரிஞ்சவன். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முள்ளியவளை எண்டு நான் குத்தாத விரல் இல்லை. கொப்பரும் கை நீட்டினவர்தான். அண்டைக்கு அவர் போட்ட கூச்சல் அலம்பில் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும், அதை அவரிட்டக் கேளாதை. காய்ச்சல் எண்டு வந்த சனமெல்லாம் மலேரியா இல்லை. கண்ணாடித்துண்டைப் பாத்துத்தான் இது மலேரியா, அது வேற எண்டு பிரிச்சது. 1963 இல முழு இலங்கையிலும் 17 பேர் எண்ட அளவுக்கு இறங்கின வியாதி. போட்டுது எண்டு நினைச்சுக் காலை நீட்டிப் படுத்தம். 1967 இல இருந்து 69 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல திரும்பி வந்துது. பேந்து கிராமம் கிராமமாக் குத்திக் குத்திப் பாத்து, மூண்டு வருசத்துக்கு மேல உள்ளூர்த் தொற்று ஒண்டும் இல்லாமல் இருந்த பிறகுதான், 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. என்ன காய்ச்சல் எண்டு பாத்துப் பிரிக்கிற வேலையை விட்டால் என்ன வரும் எண்டு வன்னிச் சனத்துக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா ரத்தம் குறைவெண்டு வந்தவுடன அந்தப் புத்தியெல்லாம் எங்கயோ போயிடுது.

குடு உந்த றிப்போட்டை. கண்ணாடி போட்டுக்கொள்ளுறன். ஹீமோகுளோபின் 8.2. பொம்பிளைப் பிள்ளைக்கு 12, ஆம்பிளைக்கு 13, வயித்தில பிள்ளையோட எண்டால் 11. அதுக்குக் கீழ போனால் குறைவு. எல்லாரும் உந்த ஒரு எண்ணைப் பாத்தவுடன கடதாசியை மடிச்சுப்போட்டு மருந்துக்குப் போட்டினம். இரணைமடுவில தண்ணி வத்திப்போச்செண்டால் கமக்காரன் என்ன கேப்பான்? கனகராயன் ஆத்தில வரத்து இல்லையோ, அணைக்கட்டில எங்கையும் ஒழுக்கோ, இல்லாட்டி வெயில் உறிஞ்சுதோ எண்டு கேப்பான். உடம்புக்கும் மூண்டே மூண்டு கேள்விதான். ரத்தம் ஊறிறது காணாதோ? வெளியால போகுதோ? ஊறின ரத்தத்தை உடம்பே உடைக்குதோ? நெல்லுக்குக் கேக்கத் தெரிஞ்ச கேள்வியைப் பெத்த பிள்ளைக்குக் கேக்க ஏலாமல் பீற்றூட் துருவுதுகள்.

அடுத்த வரியைப் பார். எம்.சி.வி. எண்டு கிடக்கு. சிவப்பணுவின்ர பருமன் அது. 80 இல இருந்து 100 வரைக்கும் சரியான அளவு. கீழ போனால் சின்ன அணு, மேல போனால் பெரிய அணு. உனக்கு 68. சின்ன அணு. இந்த ஒரு எண்ணே பாதி வழியைக் காட்டிப்போடும், இதைத்தான் ஒருத்தரும் பாக்கேல்லை. அதோட பிளட் பிக்சர் எண்டு சொல்லுவினம், கண்ணாடித்துண்டை மைக்கிறஸ்கோப்பில வைச்சு ஆள் கண்ணால பாக்கிறது. மெசின் எண்ணும். வடிவத்தை மனிசன்தான் பாக்க வேணும். அதையும் எழுதிக் கேட்டு எடு.

சின்ன அணு எண்டால் முதல்ல சந்தேகப்படுற ஆக்கள் ரண்டு பேர். ஒண்டு இரும்புச்சத்துக் குறைவு. மற்றது தலசீமியாக் காவி, அந்தக் குணத்தை ரத்தத்தில காவித் திரியிற ஆள். ரண்டும் கடதாசியில மேலோட்டமாப் பாக்க ஒரே மாதிரிச் சின்ன அணு. மருந்து மட்டும் முழுக்க எதிர். ஒண்டுக்கு இரும்பு குடுக்க வேணும். மற்றதுக்கு இரும்பு குறையாட்டிக் குடுக்கக் கூடாது. உடம்புக்குள்ள போன மிச்ச இரும்புக்கு வெளியால போற வழி இல்லை பிள்ளை, ஈரலிலயும் இதயத்திலயும் போய்க் குந்தியிருந்து காலத்துக்கும் கரைச்சல் குடுக்கும்.

இப்ப உன்ர மச்சானை எடுப்பம். உந்தா, பேரைச் சொல்ல முதலே முகம் சிவக்குது. 8.2 இலயும் உதுக்கு மட்டும் ரத்தம் கிடக்குது போல. அவன் ஒரு வருசத்துக்கு மேல இரும்புக் குளிசை விழுங்கிறான், ஹீமோகுளோபின் 11.5 இலயே குத்தி நிக்குது எண்டு மாமி மூக்கைச் சீறிச் சொன்னவ. அவன்ர கடதாசியையும் வாங்கிப் பாத்தன். எம்.சி.வி. 64, உன்னிலும் சின்ன அணு. ஆனா சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன். உனக்கு 3.9. விளங்குதோ? உன்ர உடம்பு சாமான் இல்லாமல் சின்னனாவும் செய்யுது, குறைச்சும் செய்யுது. அவன்ர உடம்பு சின்னனாச் செய்யுது, ஆனா தாராளமாச் செய்யுது. 1973 இல மென்சர் எண்ட அமெரிக்க வைத்தியர் ஒரு சின்னக் கணக்கு எழுதி வைச்சவர். எம்.சி.வி.யை அணு எண்ணிக்கையால பிரி. 13க்கு மேல வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழ வந்தால் தலசீமியாக் காவியின் பக்கம். உனக்கு 17 சொச்சம். அவனுக்கு 11 சொச்சம். இது தீர்ப்பில்லை, எந்தப் பக்கம் தேடிறது எண்டு காட்டிற கணக்கு. தீர்ப்புச் சொல்ல உனக்கு இரும்புக் கையிருப்பைக் காட்டிற ஃபெரிட்டின் பாக்க வேணும், அவனுக்கு எச்.பி.எல்.சி. எண்ட சோதனை செய்து எச்.பி.ஏ.2 எண்ட ஹீமோகுளோபின் வகை எவ்வளவு எண்டு பாக்க வேணும். அது 3.5 வீதத்துக்கு மேல எண்டால் அவன் காவி. காவிக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. வயல் வெட்டலாம், மாடு கலைக்கலாம், நூறு வயசு வரைக்கும் மாமியின்ர சமையலையும் தாங்கலாம். மாமி வாங்கிக் குடுக்கிற குளிசையை மட்டும் நிப்பாட்ட வேணும்.

உது எங்கால வந்தது எண்டு கேக்கிறியோ? நான் துரத்தித் திரிஞ்ச மலேரியாவோட சேந்து வந்தது. தலசீமியாக் காவிகளை மலேரியா கெதியாக் கொல்லாது, அதால மலேரியா நிண்ட நாடுகளில அந்தக் குணம் தங்கிப்போச்சு எண்டு ஹோல்டேன் எண்ட இங்கிலீசு விஞ்ஞானி 1949 இல சொன்னவர். நுளம்பைத் துரத்திப்போட்டம், அது விட்டுப்போன அடையாளம் சனத்தின்ர ரத்தத்தில இருக்கு. எங்களுக்குத் தெற்கால அனுராதபுரம், குருணாகல் பக்கம் அது இன்னும் கூட. குருணாகலிலதான் நாட்டின்ர தலசீமியா நிலையமும் இருக்கு.

இதில கலியாணக் கதையும் ஒண்டு கிடக்கு, காதைத் தா. காவி ஒருத்தர், மற்றவர் இல்லை எண்டால் பயமில்லை, தாலி கட்டலாம். ரண்டு பேரும் காவி எண்டால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மாசாமாசம் ரத்தம் ஏத்தி வாழுற தலசீமியா வாற வாய்ப்பு நாலில ஒண்டு. சொந்தத்துக்குள்ள கட்டினால் ரண்டு பேரும் காவியா இருக்கிற வாய்ப்புக் கூட. செவ்வாய்க் குற்றம் எண்டு வந்த மாப்பிள்ளையைப் படலையோட திருப்பி அனுப்பின சனம் நாங்கள். எச்.பி.ஏ.2 எவ்வளவு எண்டு இண்டைவரைக்கும் ஒரு சாத்திரியும் கேக்கேல்லை, ஒரு மாமியும் கேக்கேல்லை. அதோட ஒரு தந்திரம் இருக்கு, நல்லாக் கேள். உனக்கு இரும்பு இப்பிடிக் குறைஞ்சு கிடக்கேக்க எச்.பி.ஏ.2 பாத்தால் அது உள்ளதிலும் குறைச்சுக் காட்டலாம். நீயும் காவியா இருந்தால் ஒளிச்சுப்போடும். அதால முதல் இரும்பை நிரப்பு, பிறகு சோதி, பிறகு நாள் பாக்கச் சொல்லு.

ஃபெரிட்டினும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 15க்குக் கீழ எண்டால் கையிருப்பு முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. ஆனா உடம்பில காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது தானாக் கூடி நிக்கும். இரும்பு இல்லாதவளுக்கும் இருக்கெண்டு பொய்ச்சாட்சி சொல்லும். காய்ச்சல் கிடந்தால் டொக்டரிட்டச் சொல்லு.

சரி, இரும்புக் குறைவு எண்டே வைப்பம். ஏன் குறைஞ்சது? இதை விட்டிட்டுக் குளிசை விழுங்கினால் ஓட்டைச் சட்டியில தண்ணி வார்த்ததுதான். கிளினிக்கில டொக்டர் பிள்ளை உன்னைப் பாத்து மாதவிடாய் எத்தனை நாள், கட்டி கட்டியாப் போகுதோ, இரவில எழும்பித் துணி மாத்திறியோ எண்டு கேப்பா. நீ கொம்மாவையும் ஆச்சியையும் ரண்டு பக்கமும் காவல் வைச்சுக்கொண்டு "எல்லாம் நோர்மல்" எண்டு சொல்லுவாய். ஏழு நாளைக்கு மேல போறது நோர்மல் இல்லை மோளே. உள்ள போகேக்க அவை ரண்டு பேரையும் வெளி வாங்கில இருத்திப்போட்டுப் போ. ஆச்சி கோவிச்சால் நான் சொன்னது எண்டு சொல்லு. அவ என்னோட கோவம் போட்டுக் கனகாலம்.

பிறகு உந்தப் பச்சை அரிசி. குசினிக்குள்ள போனால் ஒரு பிடி வாயில போடுறாயாம். கலியாணத்தண்டைக்கு மழை கொட்டப்போகுது எண்டு ஆச்சி பேசுறா. மழை கிடக்கட்டும். பச்சை அரிசி, மண், ஐஸ்கட்டி எண்டு உடம்பு கண்டதையும் கேக்கிறது இரும்புக் குறைவின்ர அடையாளம். நகம் நடுவில குழிஞ்சு கிடக்கோ, வாயோரம் வெடிச்சிருக்கோ, நாக்கு வழுக்கையாப் போச்சோ எண்டும் பார். டொக்டர் கேக்காட்டியும் நீயாச் சொல்லு.

சாப்பாடு. விடியக்காத்தால காமென்ற் பஸ்ஸைப் பிடிக்கிற அவதியில ஒரு பணிசும் பிளேன்ரீயும். மத்தியானம் சோத்தோட பருப்பும் கீரையும், அதுக்கு மேல திரும்பவும் பிளேன்ரீ. முருங்கையிலையிலயும் பொன்னாங்காணியிலயும் இருக்கிற கொஞ்ச இரும்பையும் தேயிலைச் சாயம் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், உடம்புக்கு விடாது. தேத்தண்ணியை நிப்பாட்டச் சொல்லேல்லை, இந்த மண்ணில அதைச் சொன்னால் கல்லெறி விழும். சோத்துக்கும் தேத்தண்ணிக்கும் இடையில ஒரு மணித்தியாலம் இடைவெளி விடு. கீரைக்கு மேல தேசிக்காய் பிழி. ஆனா கருவாடு, மீன், ஈரலில இருக்கிற இரும்புதான் உடம்பில லேசா ஒட்டும். செருப்பில்லாமல் தோட்டத்துக்குள்ள திரியிறதையும் விடு. கொழுக்கிப்புழு காலால ஏறிக் குடலில தொங்கி ரத்தம் குடிக்கும். 1916 இல றொக்பெல்லர்காரர் கடல் கடந்து வந்து தேயிலைத் தோட்டங்களில துரத்தின புழு அது. உன்ர அண்ணன் வெறுங்காலோட திரிஞ்சு இப்ப அதை வாசலில வரவேற்கிறான்.

அண்ணன் எண்டவுடன ஞாபகம் வருகுது. அவனும் வெளிறிப்போய்த்தான் திரியிறான். அவனுக்கு மாதவிடாய் இல்லையே, பிறகு எங்கால ரத்தம் போகுது? இளந்தாரி ஒருத்தனுக்கு இரும்பு குறைஞ்சால் சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முதல் குடலைப் பாக்க வேணும். நாரி உளைவெண்டு பாமசியில தினமும் நோக்குளிசை வாங்கி வெறும் வயித்தில போடுறான். அது இரைப்பையைப் புண்ணாக்கி உள்ளுக்கை ரத்தம் கசிய விடும். மலம் தார் நிறத்தில போகுதோ, மூலம் இருக்கோ எண்டு கேட்டால் "சீ போ அப்பு" எண்டு ஓடுறான். டொக்டர் கேட்டாலும் ஓடுவான். இரும்புக் குளிசை போட்டாலும் மலம் கறுக்கும், அதுக்குப் பயப்படத் தேவையில்லை. போடாமலே கறுத்தால் அண்டைக்கே ஆசுப்பத்திரி.

பெரிய அணுக் கதை உனக்கு இல்லை, ஆனாலும் ஒரு பொம்பிளைக்காகச் சொல்லுறன். லூசி வில்ஸ் எண்டு இங்கிலாந்து டொக்டர். 1928 இல பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஏன் ரத்தம் வத்துது எண்டு தேடினவ. குன்னூரிலயும் இருந்து ஆராய்ஞ்சா, மதராசில கோஷா ஆசுப்பத்திரியிலயும் வேலை செய்தா. அந்தப் பெண்களுக்கு அணு சின்னன் இல்லை, பெரிசு. இரும்பால ஆகிற அலுவல் இல்லை எண்டு கண்டுகொண்டு, கடைசியில எதால மாத்தினா தெரியுமோ? மாமைற். எங்கட கடையில பாணுக்குப் பூச விக்கிற அதே கறுப்புக் களிதான். 1931 இல அதை எழுதி வெளியிட்டா. அதுக்குள்ள இருந்தது போலேற் எண்டு பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. அணுவின்ர அளவை முதல் பாத்தபடியால்தானே அந்த மனிசி ஒரு புது விற்றமினுக்கே வழி திறந்தா. நீயும் காமென்ற்காரிதான், உன்ர அணுவின்ர அளவை இஞ்ச ஆர் பாத்தது?

பெரிய அணுவெண்டால் போலேற், இல்லாட்டி பி12. முட்டை, பால், மச்சம் ஒண்டும் தொடாத ஆளுக்குப் பி12 மெல்ல மெல்லக் குறையும், ஈரலில சேர்த்தது தீர வருசக்கணக்காகும். பி12 குறைஞ்சவனுக்குப் போலேற் குளிசை மட்டும் குடுத்தால் ரத்தம் ஏறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கால் விறைக்குது எண்டு சொல்லேக்க பிந்திப்போகும். தைரொயிட் குறைவிலயும் அணு பெருக்கும். கசிப்பிலயும் பெருக்கும். கள்ளில சத்திருக்கு எண்டு சொல்லித் திரியிற பெரியப்பருக்கு உதை உரத்துச் சொல்லு.

அளவு சரியா இருந்து ரத்தம் மட்டும் குறைஞ்சால் அலட்சியம் பண்ணக் கூடாது. செட்டிகுளம், வவுனியா, அங்கால பதவியா பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் வயல் சனத்தைப் பிடிச்சு ஆட்டுது. ரத்தம் செய் எண்டு எலும்பு மச்சைக்கு உத்தரவு குடுக்கிறது சிறுநீரகம்தான், அது சோர்ந்தால் உத்தரவு வராது. கிரியேற்றினின் பாக்க வேணும். கண் மஞ்சளிச்சு, மூத்திரம் கறுத்துப் போனால் அணு உடையுதோ எண்டு பாக்க வேணும். மலேரியாக் காலத்தில பிறைமாகுயின் குளிசை சில பேருக்கு உந்த வேலை காட்டினது, ஜி6பிடி எண்ட நொதியம் குறைஞ்ச ஆக்களுக்கு. வெள்ளணுவும் பிளேற்லெற்றும் சேந்து குறைஞ்சு, முரசில ரத்தம் வந்து, தோலில நீலம் நீலமாக் கண்டிச்சால், பேச்சை விட்டு அந்த நேரமே பெரியாசுப்பத்திரிக்கு வெளிக்கிட வேணும்.

இன்னுமொண்டு. ஆரும் அவசரத்தில ரத்தம் ஏத்தப்போறம் எண்டால், ஏத்த முதல் சோதனைக்கு ரத்தம் எடுத்தாச்சோ எண்டு கேள். மற்றாள்ர ரத்தம் உள்ள போன பிறகு உன்ர ரத்தத்தில என்ன வருத்தம் எண்டு பிரிச்சுப் பாக்கிறது பெரிய கரைச்சல்.

டொக்டர் இரும்புக் குறைவுதான் எண்டு சொல்லிக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணியோட போடு, பாலோடயும் தேத்தண்ணியோடயும் வேண்டாம். வயித்தைப் பிரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமோ எண்டு கேள். அப்பிடிப் போட்டால் உடம்பு நல்லா உறிஞ்சுது எண்டு இப்பத்தை ஆராய்ச்சி சொல்லுது. ஒரு மாசத்தில திரும்பச் சோதி. ஏறியிருக்க வேணும். ஏறாட்டி மூண்டில ஒண்டு: நீ குளிசையை அலுமாரிக்குப் பின்னால எறியிறாய், ரத்தம் இன்னும் எங்கயோ போகுது, இல்லாட்டி இது இரும்புக் குறைவே இல்லை. முதலாவதைத்தான் நான் நம்புவன், ஆனா டொக்டர் மூண்டையும் பாக்க வேணும். 12 தாண்டின பிறகும் மூண்டு மாசம் விடாமல் போடு, கையிருப்பு நிரம்ப வேணும்.

திங்கக்கிழமை லீவு போடு. காமென்ற் ஒருநாள் நீ இல்லாமலும் ஓடும். பழைய றிப்போட்டு எல்லாத்தையும் ஒரு உறையில போட்டு எடு, நீ விழுங்கிற போத்தில், குளிசை எல்லாத்தின்ர பேரையும் எழுதி வை. மச்சானையும் அவன்ர கடதாசியோட கூட்டிக்கொண்டு போ. இந்த வருசத்துக்குள்ள ரண்டு பேரும் சோதிச்சு முடியுங்கோ, கலியாணச் சோறு தின்ன எனக்குப் பல்லு இருக்கேக்கயே.